சிவப்புப் பென்சில் வட்டம்

மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள். காதில் சிவப்புப் பென்சில். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சின்ன வார்த்தைகளைத் தேடித்தான் வட்டம் போடுவார்.

குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. என் குத்தகை நிலத்து மிராசுதாரின் காரியஸ்தர் ஓர் இங்கிலீஷ் காகிதத்தை என்னிடம் கொடுத்து, "பதிவுக்குத்தான், கையெழுத்துப் போடுப்பா" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சந்தேகப்பட்டு டைப்ரைட்டர்காரரிடம் கொண்டுபோனேன்.

'ஃபார்' என்ற வார்த்தையில் வட்டம் விழுந்தது.

"இது வருஷத்துக்கு முன்னாடி வந்தா, அத்தனை வருஷமான்னு அர்த்தம். ஆபீசர் பேருக்கு முன்னாடி வந்தா, அவருக்குப் பதிலா. இங்க மிராசுதார் பேருக்கு முன்னாடி இருக்கு. அவருக்காக உழுதீங்கன்னு ஆயிடும். அப்புறம் நீங்க குத்தகைக்காரர் இல்ல, கூலியாளு."

"அப்ப போடக்கூடாதுங்களா?"

"கையெழுத்து உங்களது. நான் அர்த்தம்தான் சொல்லுவேன்."

நான் போடவில்லை. பதிவுக்கு அவரே இங்கிலீஷில் வேறு மனு அடித்துத் தந்தார். வீட்டில் இரண்டு காகிதங்களையும் சேர்த்து வைத்தபோதுதான் கவனித்தேன். இரண்டிலும் ஒரே எழுத்து, வரிசை தப்பிய நாற்றுபோல, எல்லா வரியிலும் சற்று மேலேறி நின்றது. இரண்டும் ஒரே மெஷினில் அடித்தவை.

கேட்டுவிடலாம் என்று மறுநாள் போனேன். காரியஸ்தர் நின்றபடி என் பக்கத்து வயல்காரர் பெயரைச் சொல்ல, டைப்ரைட்டர்காரர் குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில் இல்லை.

அந்த டைப்ரைட்டர்காரரை இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனால் அன்று நேரே பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போய், காரியஸ்தர் தரும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதை அடித்தவரிடமே காட்டி அர்த்தம் கேட்கச் சொன்னேன்.