செயினுக்கு இரண்டு விரல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதைவிடப் பெரிய வியாதி, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இவை இரண்டும் உள்ளவன் கையில் ஸ்பேனரும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவள் என் மனைவி.

நாங்கள் இருப்பது கீழ்பென்னாத்தூரில். எனக்கு வேங்கிக்காலில் அலுவலக வேலை, தினமும் பைக்தான். அவள் சமையல், மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களையெடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு வருஷமாக அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடினால் மூடினதுதான்.

அந்த வாரம் பார்த்துச் செயின் தேய்ந்து, பல்சக்கரத்தில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. வழக்கமான மெக்கானிக்கின் கடை கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை போனேன். மறுநாள் பௌர்ணமி, அந்தப் பக்கம் வண்டியே விட மாட்டார்கள், திங்கட்கிழமை கொண்டுவாருங்கள், அதுவரை பஸ்ஸில் போங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இது என்ன பெரிய வித்தையா? பல்சக்கரம் இரண்டும் செயினும் செட்டாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, காலை முழுக்க வேலை செய்தேன். செயின் தொங்கவே கூடாது என்று பின்சக்கரத்தை இழுத்து இழுத்து முறுக்கினேன். கிளட்ச் கேபிளையும் விடவில்லை, அதையும் இறுக்கினேன். புதுச் சாமான் போட்ட வண்டி இல்லையா, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அந்த இரண்டு பழத்தின் மேல் உருட்டியதுதான் நான் வைத்த பரீட்சை. அதில் வண்டி பாஸ்.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். இறங்கியதும் அவள் சொன்னாள்: "ஏங்க, நான் ஏறி உக்காந்தா கீழ கரகரன்னு சத்தம் வருது. நான் இறங்கிட்டா இல்ல."

"புதுச் செயின்னா அப்படித்தான் இருக்கும். வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? போய்ப் படி."

அவள் போய்ப் படித்தாள்.

ஞாயிறு காலை கிளம்பியதிலிருந்தே இன்ஜின் கத்தியது, வண்டி போக மாட்டேன் என்றது. சத்தம் எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி ஓட்டினேன். பாதி வழியில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் படீரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் செயின் ரோட்டில் கிடக்கிறது.

மணி எட்டேகால். பௌர்ணமி இன்னும் முடியவில்லை, கிரிவலத்துக்குப் போகிற கூட்டம், எந்த பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கால் வைக்க இடமில்லை. அவள் ரோட்டோரம் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு காய்கறி வேன் நின்றது. தேர்வறைக்குள் செல்போன் விட மாட்டார்கள் என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். வண்டியை ஒரு டீக்கடையில் தள்ளி நிறுத்திவிட்டு நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை தாண்டியிருந்தது. கேட் மூடியிருந்தது. வெளியே மதிலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஹால் டிக்கெட்டும் இரண்டு கருப்புப் பேனாவும். ஐந்து நிமிஷம் தாமதமாம்.

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, மனசைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டிருப்பேன். திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டுச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவு வெட்கம் என் ஆயுசில் நான் பட்டதில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆள் ஏறினால் பின்சக்கரம் மேலே எழும்பிச் செயின் தானாக இறுகும். அதனால் வெறும் வண்டியில் செயின் இரண்டு விரல் அளவாவது மேலும் கீழும் ஆட வேண்டும், ஆளை உட்காரவைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கிளட்ச் லிவரும் பிடிப்பதற்கு முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும், இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேயும். செயினை இணைக்கும் லாக், சின்ன மீன் மாதிரி இருப்பது, அதன் மூடின பக்கம்தான் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். நான் திருப்பிப் போட்டிருந்தேன். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த செயினில் அது கழன்று விழ ஒரு வேகத்தடை போதுமாக இருந்திருக்கிறது.

"ஆள் ஏறும்போது சத்தம் வந்துருக்குமே சார்?"

வந்தது என்றேன்.

"அப்பவே நிறுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அவளை வண்டியில் உட்காரச் சொல்லிச் செயினை அழுத்திப் பார்ப்பேன். கையில் புத்தகத்தோடு வந்து உட்காருவாள். அளவு சரியா என்று நான் பார்ப்பேன், ஒரு சுற்று போய்வந்து சத்தம் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் ஸ்பேனரை உள்ளே வைப்பேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி தேர்வு வந்தது. முந்தின நாள் மூன்று தடவை செயினைப் பார்த்தேன். காலையில் சீட்டைத் துடைத்து, வண்டியைக் கிளப்பி வாசலில் நின்றேன். அவள் அதே பிளாஸ்டிக் கவரோடு வந்தாள்.

"நான் பஸ்ல போறேங்க. நீங்க வேணும்னா பின்னாடியே வாங்க."

குரலில் கோபம் துளியும் இல்லை. திருவண்ணாமலை வரைக்கும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்கச் செயின் ஒரு சத்தம் போடவில்லை. கேட்டுச் சொல்லத்தான் பின்னால் ஆள் இல்லை.