முதுகு காட்டினால் மட்டும் பேசும் வண்டி

ஏரியல்காரர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் முந்நூறு வண்டிக் கூரையில் துளை போட்டு வயர்லெஸ் ஏரியல் நட்ட கை அது. அவர் நட்ட வண்டி ஒன்றாவது வழியில் ஊமையானது என்று எவனும் விரல் நீட்டியதில்லை. படித்தவனிடம் அப்படியொரு கையைக் காட்டுங்கள் பார்ப்போம்!

தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஓட்டுகிற புது ஆம்புலன்ஸுக்கும் அவர்தான் நட்டார். கூரை நடுவில் இரும்பு ஏசிப் பெட்டி உட்கார்ந்திருந்ததால், ஏரியல் பின்னால் போனது.

"ஐயா, பெட்டி மறைக்கும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வைங்க. வண்டி எப்படித் திரும்பினாலும் ஒண்ணாவது கன்ட்ரோல் ரூம் டவரைப் பிடிக்கும்," என்றாள் இன்ஜினியர் பெண்.

"அப்படியே ஸ்டீயரிங்கும் ரெண்டா வெச்சிடலாமாம்மா?"

ஷெட்டே சிரித்தது. டவருக்கு முதுகு காட்டி நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே சோதித்தார். கணீரென்று பேசியது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே அடைமழை. மாப்பிள்ளை மலையடியில் ஒரு நோயாளியை ஏற்றப் போனான். "ஏத்திட்டேன், வண்டியத் திருப்பறேன்," என்றான். அதுதான் கடைசியாகக் கேட்டது. அடுத்த ஐந்தாவது நிமிடம், அவன் திரும்பி வரவேண்டிய ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் தொண்டை வற்றக் கூப்பிட்டான். வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் செல்போனும் எடுக்காது. ஷெட்டிலிருந்து ஏரியல்காரரை இழுத்து வந்தார்கள்.

"போறப்போ நல்லாத்தானே பேசுச்சு, அண்ணே?"

சுவரில் இருந்த வரைபடத்தில் மலையடியிலிருந்து வரும் வழியை விரலால் தொட்டுப் பார்த்தார். வண்டி இப்போது டவரைப் பார்த்து வருகிறது. டவருக்கும் ஏரியலுக்கும் நடுவில் அந்தப் பெட்டி.

"செட்டு மேல தப்பில்லப்பா. என் மேலதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாய் அப்படிச் சொன்னது. மைக்கைப் பிடுங்கினார்.

"கல்குவாரி வளைவுல வண்டி கொஞ்ச நேரம் முதுகைத் திருப்பும். அங்க பிடிக்காம விட்டா வேற வழியில்ல."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார். "மாப்பிள்ள, நிறுத்துங்க! பாலம் இறங்கிடுச்சு! நிறுத்துங்க!" விரலை எடுத்தார். இரைச்சல். மறுபடி அழுத்தினார், எடுத்தார். ஏழாவது தடவை இரைச்சலுக்குள் குரல் வந்தது.

"மாமா? நீங்களா? பாலத்துல என்ன..."

அறுந்தது. பழைய இரைச்சல்.

"அடுத்த வளைவு எங்கண்ணே?" ஆபரேட்டர் மெதுவாகக் கேட்டான்.

ஏரியல்காரர் மைக்கை விடவில்லை.

"பாலத்தைத் தாண்டி."