சேற்றுப் பாட்டும் சனிக்கிழமை மேசையும்

பழைய இசைத்தட்டு விற்கிறவனுக்கு வாய் ஓயாது, கால் விறைத்துப்போகும். குளிருக்குள் மேசை போட்டு நின்ற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் ஒடென்சே நகரில் சனிக்கிழமைச் சந்தை. ஆள் சேர்க்க ஒரு அமெரிக்கப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவன். தெற்கே ஒரு சதுப்பு நிலம், வெக்கை, தவளைச் சத்தம், அங்கேதான் நான் பிறந்தவன் என்று கிற்றாரோடு கத்துகிற பாட்டு. சத்தம் கூடிப்போச்சு, மேசையைப் பறிப்பன் என்று சந்தை மேற்பார்வையாளர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

இரட்டை விலை

நெடுவலான ஒரு வெள்ளைக்காரன் அந்தப் பாட்டுத் தட்டை எடுத்து விலை கேட்டான். ஊர்ப் பழக்கத்தில் இரட்டிப்பாய்ச் சொன்னன். பாதிக்குக் கேட்பான், நடுவில் முடிப்பம் என்று. அவன் நன்றி சொல்லி, தட்டை மெல்ல வைத்துவிட்டு நடந்தான். "நில்லடா, ஒரு விலை கேளன்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு பின்னால் ஓடினன். அவன் நடையைக் கூட்டினான்.

பக்கத்து மேசையில் சட்டி விற்ற செல்வம் அண்ணை சிரித்தார்: "தம்பி, இவங்களுக்கு விலை எண்டால் விலைதான். துரத்தினால் பொலிசைத்தான் கூப்பிடுவாங்கள்."

பிறந்த இடம்

பாடினவர்கள் அந்தச் சதுப்பில் பிறக்கவேயில்லை, எங்கோ தூரத்தில் வளர்ந்தவர்கள் என்று இன்னொரு சனிக்கிழமை தட்டுப் பார்க்க வந்த ஒரு மாணவி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சூடேறிவிட்டது. பொய்யையா இவ்வளவு நாளும் விற்றன்?

சனிக்கிழமை தவறாமல் வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிற கிழவர் பக்கத்தில் நின்றார். "நீராவது அங்கே பிறந்தவரோ?" என்று பாய்ந்தன்.

"இல்லை, இந்த நாட்டில்தான், விபோர்க் பக்கம். சின்ன வயதில் சதுப்பில் இறங்கி, அடுப்பெரிக்க, காய்ந்தால் விறகுபோல் எரிகிற சேற்றுக்கட்டி வெட்டினோம். எலும்புக்குள் குளிர்."

"பிறகேன் வெக்கைப் பாட்டுக்குத் தலையாட்டுறீர்? பிடிச்சால் வாங்குமன்!"

"வாங்கினால் வீட்டில் தனியாகக் கேட்க வேண்டும்."

சத்தத்துக்குப் பேரம்

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்தார். "பாட்டை நிற்பாட்டு, இல்லாவிட்டால் மேசையை எடு." பாட்டு நின்றால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். மேசை போனால் எனக்குத் திரும்பவும் மீன் தொழிற்சாலை.

"நிற்பாட்டமாட்டன்," என்றன். "சத்தம் எட்டில் இருக்குது, ஏழாக்கிறன்."

"மூன்று."

மனுசன் பேரம் பேசுகிறான்!

"ஏழுதான்!"

"நான்கு."

"ஆறு. அதுவும் உமக்காக."

அவர் கண்ணை மூடி நின்ற கிழவரைப் பார்த்தார். பாட்டு முடியுமட்டும் தானும் நின்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "ஐந்து. இந்தச் சேற்றுப் பாட்டுக்கு மட்டும் ஏழு."

விலையில் ஒரு சதம் இறங்காத சனம், தாங்களும் காணாத, பாடினவனும் பிறக்காத ஒரு சதுப்புக்காக ஏன் இறங்கிவந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, மேசை தப்பினது மட்டும் விளங்கியது.