பூசணம் பொறுக்காத மனிதர்

"இந்தப் பைக்குள்ள என்ன?" என்று கேட்டார் கருத்தக்கண்ணன்.

காளான் விதை என்றேன். உத்தமபாளையத்தில் சிப்பிக் காளான் விதை தயாரிக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விதை வேண்டுமென்று போன் செய்தவர் அவர்தான். ஆனாலும் பையைக் கையில் வாங்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வெந்த சோளத்தின் மேல் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்ததைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இது பூசணம்ல?"

பூசணத்தில் ஒரு வகைதான் என்றேன்.

"வேளாண்மை ஆபீஸ்ல விதைன்னாக. நான் நெல்லு மாதிரி இருக்கும்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன். முப்பது வருசமா மருந்தடிச்சுக் கொல்லுற கழுதையை நீ பையில போட்டு விக்கிறயா, பாப்பா?"

பையை இன்னொரு பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது தேங்காய் நார்த்தூளை எப்படித் தின்னும், பல் இருக்கிறதா என்று கேட்டார். வாயே கிடையாது, ஒருவிதச் சாற்றை வெளியே விடும், அந்தச் சாறு பட்டு நார் கரையும், கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும் என்றேன்.

"துப்பிட்டு, துப்புன எடத்தையே நக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம் என்றேன்.

அவர் வேலியோரம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். பையை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கருத்தக்கண்ணன் ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல்களுக்கு மருந்தடிப்பவர். தனக்கென்று அரை ஏக்கர் பந்தலும் ஒரு கிணறும் வைத்திருக்கிறார். மேகம் மூடி நாலு தூறல் விழுந்து, இலைக்கு அடியில் மாவு பூத்ததுபோல் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் போதும், குலைகள் கருகிக் கொட்டிவிடும். அதற்குள் நீலநிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தாக வேண்டும். தெளித்துத் தெளித்து அவருடைய நகக்கண்களில் நீலம் ஏறிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். ஊறுகாய் ஜாடியை மோந்து பார்ப்பார். மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து துணி துணியாக உதறுவார். ரொட்டியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் பாக்கெட்டோடு குழி தோண்டிப் புதைப்பார். கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் பிரியாணியை ருசித்து இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அதில் இருந்தது கறி இல்லை, காளான் என்று பக்கத்து இலைக்காரர் சொன்னதும் மண்டபத்துக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தார். அவர் மனைவி ராமுத்தாய் இந்தக் கதையை யாரிடமும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை.

நான் போனபோது ராமுத்தாய் வீட்டில் இல்லை. அவரைத் துரத்தியது கிணறு.

பந்தலை ஒட்டி ஒரு கயிறு மில் இருந்தது. தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்துக்கொண்டு, உதிரும் தூளைப் பின்பக்கம் கொட்டுவார்கள். அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பிறகு முதலாளி மில்லைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து கிணற்றில் இறங்கியது. கிணற்றைப் பார்த்தேன். ஆறிப்போன டிகாக்‌ஷன் போல நிறம், ஓரமெல்லாம் அழுக்கு நுரை. ஈரச்சாக்கைப் பல நாள் மூடி வைத்துத் திறந்ததுபோல் நாற்றம். அதில் பொங்கினால் சோறு பழுப்பாகும். குளித்தால் தோலில் வழுவழுப்பு ஒட்டும். தலைக்குக் குளித்த அன்று ராமுத்தாய்க்கு முடி பிசுபிசுவென்று கயிறாகத் திரிந்துகொண்டதாம். அன்றைக்கே தேவாரத்தில் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "தண்ணி தெளியட்டும், வாரேன். அதுவரைக்கும் அந்தச் சாக்கடையில நீங்களே குளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனதைக் கருத்தக்கண்ணன் என்னிடம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

குவியலை யாரும் இனாமாகக்கூட எடுக்கவில்லை. பச்சையாக வயலில் போட்டால் பயிர் வெளுத்துவிடும். கொளுத்தினால் உள்ளுக்குள் புகைந்து பந்தலையும் தெருவையும் மூச்சுமுட்ட வைக்கும். தானாக மக்கட்டும் என்றால் வருடக்கணக்காகும். தென்னை நாரை விறைப்பாக நிறுத்துவது லிக்னின் என்ற பொருள். மாட்டின் வயிறுகூட அதைச் செரிக்காது. வெள்ளையாகப் படரும் சில பூசணங்களின் நொதிதான் அதை நன்றாக உடைக்கும். சில பாக்டீரியாக்களிடமும் அப்படிப்பட்ட நொதி உண்டு, வேகம் குறைவு. பூசணம் பிளந்து போட்ட துண்டுகளை அவை மெல்ல அரித்துத் தீர்க்கும். அவரிடம் இதைச் சொன்னபோது, ஒன்றின் எச்சிலை இன்னொன்று தின்கிறதா என்று கேட்டுவிட்டு அன்று மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார்.

ஆனாலும் வேலையைத் தொடங்கினார். மூக்கைச் சுற்றித் துண்டு, கைக்கு பாலித்தீன் கவர். மில்லின் தகரக் கொட்டகைக்குக் கீழ் தூளைப் பரப்பி, கொட்டாங்கச்சி அகப்பையால் விதையைத் தள்ளி நின்று எறிந்தார். மேலே கொஞ்சம் யூரியா, அதன்மேல் மறுபடி தூள், தண்ணீர். இப்படி அடுக்கடுக்காக ஒரு படுக்கை.

வெள்ளை நன்றாகப் படர்ந்திருக்கும் என்று நினைத்துச் சில வாரம் கழித்துப் போனேன். படுக்கை நீலமாக இருந்தது.

"மருந்து அடிச்சீங்களா, அண்ணே?"

"அடிச்சேன்" என்றார். "காலையில வந்து பாக்குறேன், வெள்ளைப் போர்வை போத்துன மாதிரி கெடக்கு. மேகம் வேற. கை தானா டேங்கைத் தூக்கிருச்சு."

இது செத்த நாரில்தான் வாழும், உயிருள்ள கொடியில் ஏறாது என்றேன்.

"அதை அதுக்கு யாரு சொன்னது?"

அடித்ததோடு நில்லாமல், நான் சொல்லியிருந்தபடி தினமும் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார். பூசணம் செத்துப்போன படுக்கை, காற்றுப் புகாமல் அமுங்கிப் புளித்துப்போயிருந்தது. மண்வெட்டியால் மேல்தட்டைப் புரட்டியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. உள்ளே கறுப்பாகச் சளி போல் இழுபட்டது. ஈக்கள் எழுந்து எங்கள் முகத்தில் மோதின. வெள்ளைப் புழுக்கள் வெளிச்சத்துக்கு நெளிந்தன. உதவிக்கு வந்திருந்த வேல்பாண்டி நாலு கூடை அள்ளியதும் கூடையைக் கீழே போட்டார்.

"சம்பளம் வேண்டாம்ணே. எனக்கு மூக்கு வேணும்."

கருத்தக்கண்ணன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைத் தனியாக அள்ளி, கிணற்றுப் பக்கம் வழியாத மேட்டில் தள்ளினார். முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடி தேய்த்தார். பிறகு புது விதை கொண்டுவரச் சொன்னார். மருந்து டேங்கை வேல்பாண்டியிடம் ஒப்படைத்து, பந்தலுக்கு நீயே அடி, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் முறை பூசணத்தை விட்டுவைத்தார். பார்க்கவேண்டிய நேரத்தில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சாம்பல் நிறத்தில் காளான் குடை விரித்தபோது, சமைக்கக் கேட்டு வந்தவர்களைத் துரத்திவிட்டு, குச்சியால் தட்டித் தட்டி உதிர்த்தார். தூள் மெல்லக் கறுத்து, அமுங்கி, பொலபொலவென்று ஆனது. ஒரு பிடி அள்ளி நீட்டினேன். காட்டு மண் வாசம் வந்தது. அவர் மோந்துவிட்டு நாற்றம்தான் என்றார். சின்னமனூர்ப் பக்கத்து விவசாயிகள் அதை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு படுக்கை காலியாக அடுத்தது என்று குவியல் முழுவதும் அப்படியே கரைந்தது. கிணற்றைப் பலமுறை இறைத்து வெளியே விட்டார். மழை முடிந்து ஊறிய தண்ணீரில் அடிப்பாறை தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பூசணத்தின் மேல் அவருக்கு இருந்த அருவருப்பு கடுகளவும் குறையவில்லை. கொட்டகையைச் சுண்ணாம்படித்துக் கழுவினார். உடுத்திய வேட்டிகளை எரித்தார்.

விதை கொடுக்க நான் தேவாரம் போகிறேன் என்று யார் மூலமோ தெரிந்துகொண்டு, ஒரு நாள் காலையில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். கையில் ஒரு பாட்டில். தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. ராமுத்தாயிடம் கொடுக்கவேண்டும், தான் கொண்டுபோனால் கடையில் வாங்கின தண்ணீர் என்பாள் என்றார். நான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னல் பக்கம் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மோந்து பாக்கட்டும், குடிச்சுப் பாக்கட்டும். எப்படித் தெளிஞ்சுச்சுன்னு கேட்டா ஏதாச்சும் மருந்துன்னு சொல்லு. நான் பூசணம் வளத்தேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராத, ஆத்தா."