கிளம்புகிறவர்களைக் கடிக்கும் நாய்

என் சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்க வந்தவர்கள் நேராகச் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போதுகூட அவள் சத்தம் போடமாட்டாள்; காலை மட்டும் அழுத்துவாள். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டிவியில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டு போனால் சோபாவுக்கு முன்னால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். எல்லோருக்கும் அவள் பிரேக்கம்மா.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நாள் பூரா அடுத்தவங்க ஓட்டுற வண்டியில உக்காந்திருக்கேன். வீட்டையாவது நான் ஓட்டிக்கிறேனே" என்பாள். எனக்கு அவள் வீட்டுக்குப் பக்கத்தில் வங்கி வேலை கிடைத்ததும் நான் வந்து ஒட்டிக்கொண்டேன்.

நாய்கள் காப்பகம் ஒன்றின் பின்பக்கத் தெருவில்தான் சித்தி ரிவர்ஸ் பழக்குவாள். ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. ஒருநாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே போனவள், ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்து வாலாட்டுவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எல்லாருக்கும் வாலாட்டும் மேடம்," என்றாள் காப்பகத்துப் பெண். "வர்றவங்களை ஒண்ணும் பண்ணாது. கிளம்புறவங்களைத்தான் கடிக்கும். கூட்டிட்டுப் போன வீடெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. ஒரு வீட்ல பொண்ணு பாத்துட்டுக் கிளம்பின மாப்பிள்ளையையே கடிச்சு வச்சிடுச்சு."

"ஏன் அப்படி?"

"இதை வளர்த்த அம்மா வீட்லயே மயங்கி விழுந்துட்டாங்களாம். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வரல. இறந்துட்டாங்கன்னு சொல்லி அவங்க மகன்தான் கொண்டுவந்து விட்டார்."

சித்தி கம்பிக்குள் விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவினாள். "அப்ப இதுவும் என் வேலையைத்தான் பாக்குது. பிரேக் போடுது," என்றாள்.

அதை வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் நாளே நான் வேலைக்குக் கிளம்பும்போது என் குதிகாலில் பல் பதிந்தது. காசு வாங்காமல் யாரையும் தாண்டவிடாது போலிருக்கிறதே என்று டோல்கேட் எனப் பெயர் வைத்தேன். சித்தி என் காலுக்கு மருந்து போட்டுவிட்டு நாயின் பக்கம் பேசினாள். "அதுக்குத் தெரிஞ்சு இந்த வாசல் வழியாப் போனவங்க வரமாட்டாங்க. நாமதான் வந்து காட்டணும்."

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்தவர்கள் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். கதவைத் திறப்பாள், வெளியே ஒரு காலை வைப்பாள், நாய் எழுவதற்குள் உள்ளே வந்துவிடுவாள். அதற்கு ஒரு பிஸ்கட். பிறகு கதவைச் சாத்தி, உடனே திறப்பாள். பிறகு மாடிப்படி வரை. பிறகு தெருமுனை வரை. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கேட்பார், "எதையாவது மறந்துட்டீங்களா?" சித்தியும் தினமும் சொல்வாள், "ஆமா." நானும் வேலைக்குப் போகும்முன் பலமுறை போய் வந்து காட்ட வேண்டியிருந்தது. குளிர்காலம் முடியும்போது டோல்கேட் கடிப்பதை விட்டிருந்தது. யாராவது செருப்பை மாட்டினால் மட்டும் மூலையில் படுத்தபடி கிழவன்போல் முனகும்.

இந்தச் சமயத்தில்தான் எக்ஸ்ரே அம்மா சித்தியிடம் கார் பழக வந்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, அதட்டலான குரல். உடம்பு சரியில்லாமல் போய் மகன் வீட்டில் இருந்தார். "என் வீட்டுக்குப் போகணும்னா அவன் கூட்டிட்டுப் போகணும். அவனுக்கு எப்பவும் அடுத்த வாரம்தான். வீட்டுக்காரரோட பழைய கார் நிக்குது. நானே ஓட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிச் சேர்ந்தார். திருப்பம் வந்தால் பயத்தில் தனக்குத்தானே பழைய வேலையின் வசனத்தைச் சொல்லிக்கொள்வார்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க." வளைந்து முடித்ததும், "விடுங்க." சித்தியும் சேர்ந்து மூச்சைப் பிடித்து விடப் பழகியிருந்தாள்.

அன்று காலை டோல்கேட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வரும் வழியிலேயே எக்ஸ்ரே அம்மாவை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நாய் மருந்து மயக்கத்தில் பின் இருக்கைக்குக் கீழே சுருண்டு தூங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வண்டியை எடுத்தார். முதல் திருப்பம் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை. எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல ஒரு சத்தம். சித்தி திரும்புவதற்குள் நாய் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து அந்த அம்மாவின் மடிமேல் பாய்ந்துவிட்டது. சித்தி பிரேக்கை மிதித்தாள். வண்டி திருப்பத்தின் நடுவில் குறுக்காக நின்றது. குரல்வளையைக் கடிக்கப் போகிறது என்றே நினைத்துக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது அந்த அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே அம்மா ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

"பட்டாணி," என்றார்.

"இல்லம்மா, இது பேரு டோல்கேட். பயப்படாதீங்க, பிடிச்சிருக்கேன்."

"எங்க பட்டாணி மாதிரியே இருக்கு. அது செத்துப்போச்சுங்க. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப லாரியில அடிபட்டுடுச்சுன்னு என் பையன் சொன்னான்." பேசிக்கொண்டே ஒரு கையை எடுத்து நாயின் முன்னங்காலை மெல்லத் தடவிப் பார்த்தார். "குட்டியா இருந்தப்ப இந்தக் கால் ஒடிஞ்சு கோணலா ஒட்டிக்கிச்சு. நான்தான் யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரியில வச்சுப் படம் எடுத்தேன். இங்க ஒரு முடிச்சு இருக்கும்."

விரல் ஓரிடத்தில் நின்றது. முடிச்சு இருந்தது.

சித்திக்கு அப்போது காப்பகத்துப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னால் ஹார்ன் சத்தம் கூடிக்கொண்டே போனது. பிறகு சித்தி என்னிடம் சொன்னாள்: "சொல்லக் கூச்சமா இருக்கு. நான் முதல்ல அவங்க மணிக்கட்டைத் தொட்டுப் பாத்தேன்டி. சூடா இருந்துச்சு."

"அம்மா, இதை வளர்த்தவங்க இறந்துட்டாங்கன்னு என்கிட்ட சொன்னாங்க," என்றாள் சித்தி.

"யாரு சொன்னது?"

"காப்பகத்துல. அவங்ககிட்ட அந்த அம்மாவோட மகன் சொன்னாராம்."

எக்ஸ்ரே அம்மா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். வாய் மட்டும் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. "நானா?" என்றார் கடைசியில்.

அன்று எனக்கு விடுமுறை. கதவைத் திறந்தபோது சித்தி அவரையும் நாயையும் கூட்டிக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரே அம்மா தரையில் உட்கார்ந்து நாயை மடியில் கிடத்திக்கொண்டார். அழவில்லை. தண்ணீர் கேட்டார்.

"இதை எப்ப கொண்டுவந்து விட்டான்?"

"போன கோடையில, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம்னு சொன்னாங்க."

"பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் வீட்டுக்கு வந்துட்டேனே." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் வீட்ல உள் ரூம்ல படுத்திருந்தேன். கை தூக்க முடியாது. அவன்தான் ரொட்டியைப் பால்ல ஊறவச்சு ஊட்டிவிட்டான். தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவனே ஊட்டிவிட்டான்."

சித்தி என்னைப் பார்த்தாள்.

"அவனைக் கேட்டுட்டு வரேன்," என்று அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக் கதவருகே போனார். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

கடிப்பதையே விட்டிருந்த நாய் அது. எங்கள் காலையெல்லாம் செல்லமாகத்தான் கவ்வியிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எழும்பி அவர் முன்கையைக் கவ்வியது, விடவில்லை. ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. சித்தி அதன் தாடையைப் பிரிக்கப் போனாள்.

"தொடாதீங்க," என்றார் எக்ஸ்ரே அம்மா. முகம் வெளுத்திருந்தது. "போகல. பட்டாணி, நான் போகல." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பல் தளர்ந்தது. பிறகு அது அந்தக் காயத்தையே நக்கத் தொடங்கியது. "என்கிட்ட கோபப்பட அதுக்கு உரிமை இருக்கு," என்றார். நான் துணி எடுக்க ஓடினேன்.

சித்தி போன் செய்ததும் மகன் வந்துவிட்டார். அலுவலகப் பையைத் தோளில் மாட்டிய, மரியாதையான மனிதர். வாலை ஆட்டிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது நாய். அவர் பார்வை முதலில் அம்மாவின் கைக்கட்டின் மேல்தான் போனது.

"கையில என்னம்மா?"

"பட்டாணி கடிச்சுது."

அப்போதுதான் குனிந்து பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"லாரி ஏறியும் எழுந்து வந்திருக்கு பாரு," என்றார் அம்மா. "என்னை மாதிரியே."

மகன் செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வேற வழி தெரியலம்மா. நீ படுத்த படுக்கையா இருந்த. குழந்தை தவழ ஆரம்பிச்சிருந்தான். உன் மருமகளுக்கு நாய்ன்னாலே பயம்."

"நாயை விட்டது எனக்குப் புரியுது. என்னை ஏன் சாகடிச்ச?"

"காப்பகத்துல நிறையக் கேள்வி கேட்டாங்கம்மா. யாரு வளர்த்தது, அவங்க ஏன் வரல, உடம்பு சரியானா திரும்ப எடுத்துக்குவாங்களா, அதுவரைக்கும் நீங்க வச்சுக்க முடியாதான்னு. எனக்குப் பதில் இல்ல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்னதும் யாரும் ஒண்ணும் கேக்கல. உக்காருங்கன்னு சொல்லித் தண்ணி குடுத்தாங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அப்புறம் வீட்டுக்கு வந்து எனக்கு ஊட்டிவிட்ட."

"ஆமாம்மா."

கிளம்பலாம் என்று மகன் கை நீட்டினார். அம்மா எழவில்லை. மகன் தனியாக வெளியே நடந்தார். டோல்கேட் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவின் மடியிலேயே படுத்துக்கொண்டது. மாடிப்படியில் அவர் ஒருமுறை நின்று திரும்பி நாயைப் பார்த்தார். கடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ரே அம்மா எங்கள் முன்னறையில் தங்கினார். தினமும் மகன் போன் செய்வார். அவரும் எடுத்து, சாப்பிட்டதையும் மாத்திரை போட்டதையும் சொல்வார். நிலைகுலைந்து போனது சித்திதான். பழக வந்தவர்கள் ஒழுங்காக ஓட்டும்போதும் பிரேக் போட்டாள். சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "நல்ல பையன்டி அவன். அதான் எனக்கு ஆறவே இல்ல. கெட்டவனா இருந்தா திட்டிட்டு மறந்திருப்பேன்."

லைசென்ஸ் கிடைத்ததும் அம்மா தன் வீட்டுக்கே போய்விட்டார். நாயும் போயிற்று. கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. சித்தி அதன் தட்டையும் விரிப்பையும் காரில் வைத்துவிட்டு உள்ளே வந்து, வீட்டை இரண்டு தடவை பெருக்கினாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்க்கப் போனோம். மகனும் குழந்தையோடு வந்திருந்தார். அந்த நேரத்தில் தெருவில் புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருவர் எட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே அம்மா எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். "இவங்க எனக்குக் கார் சொல்லிக்குடுத்தவங்க. இவன் என் பையன். என்னை ஒரு தடவை சாகடிச்சவன்."

வந்தவர் வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். எக்ஸ்ரே அம்மாவும் சிரித்தார். என் பக்கத்தில் சித்தி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகனின் கை நின்றது. பிறகு அவர் கேட்டார்: "உனக்குச் சர்க்கரை போடவாம்மா?"

"பாதிக் கரண்டி," என்றார் அவர்.