நசுங்கிய பக்கம்

மூடிய குழாயை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மரிய செலின் குளியலறையை விட்டு வெளியே வருவாள். வந்தவள் பாதி ஹாலில் நின்று காது கொடுத்துக் கேட்பாள். சொட்டுகிற சத்தம் இல்லை என்று தெரிந்தாலும் மனசு ஆறாது. திரும்பப் போய் ஒரு முறுக்கு. மூலக்குளத்தில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான்.

"குழா கழுத்து கழண்டுக்கப் போவுது, வுடுடி," என்பான் புருஷன் ஆன்டனி.

"கழண்டா யாரு பதில் சொல்றது? இன்னா, நம்ப வூடா இது?"

நம்ப வூடா இது என்பது அவள் வாயில் ஜெபம் மாதிரி. சுவரில் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. திருஇருதய ஆண்டவர் ஆறு வருஷமாக பிரிட்ஜ் தலையில் சாய்ந்தபடி நிற்கிறார். குருத்தோலைச் சிலுவை ஜன்னல் கம்பியில் நூலால் கட்டிக் கிடக்கும். ஒட்டினால் பசை பிடித்துக்கொள்ளுமாம். காலண்டர் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கும், கதவைத் திறக்கிறபோதெல்லாம் தேதி ஆடும். மீன் குழம்புக்கு வடகம் தாளிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்புக்குப் பின்னால் செய்தித்தாளைச் சாத்திவைப்பாள், புகை படியக் கூடாதென்று. "குடியிருக்க வந்தமா, காவலுக்கு வந்தமாடி?" என்று ஆன்டனி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான்.

வேலையும் அவளுக்குத் தோதாக வாய்த்தது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில், திரும்பி வருகிற அண்டா, குண்டான், தாம்பாளங்களைப் பார்த்து வாங்குவது அவள்தான். கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டாள், விரலால் சுற்றித் தடவுவாள். "நசுங்கின பக்கத்த செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிட்டு நம்பகிட்ட நல்லா சிரிச்சிப் பேசுவாங்க. சிரிப்பு ஜாஸ்தியா இருந்திச்சின்னா நான் மொதல்ல அண்டாவத் திருப்பிடுவேன்," என்பாள்.

இன்று ஆனி கடைசி. விடிந்தால் ஆடி. மாதா கோயில் காலண்டரில் ஆடிக்கு ஒரு தடையும் இல்லை. வீடு வாடகைக்கு விடுகிறவர்களின் காலண்டர் வேறு. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி காசம்மாள், தன் மகளை இன்று சாயங்காலத்துக்குள் இந்த மாடியில் பால் காய்ச்ச வைக்க வேண்டும். செலினும் பொழுது சாய்வதற்குள் வில்லியனூரில் புதிதாக வாடகைக்குப் பேசியிருக்கும் ஆதிமூலத்தின் வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். தவறினால் ஆடி முழுக்க சாமானோடு தெருவில்தான். ஆதிமூலமோ இன்னும் சாவியைக் கண்ணில் காட்டவில்லை. "இருந்த வூட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு தர்றேன்மா," என்று சொல்லிவிட்டார். சாமான் ஏற்றிய குட்டியானை கீழே தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆன்டனி நாலு தடவை ஹாரன் அடித்துவிட்டான்.

காலையில், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று குளியலறை டைல்ஸை ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். போர் தண்ணீர் படியவிட்ட உப்புக் கறை பளிச்சென்று போயிற்று. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது குளியலறை வாசலில் மொசைக் தரைமேல் கொஞ்சம் சிந்தியது. நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பு செத்து, சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவினாள். காய்ந்ததும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. கால்மிதியை எடுத்து அதன்மேல் போட்டாள். எப்போதும் மிதி கிடக்கிற இடம்தானே. 

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்த காசம்மாள், சமையலறையை எட்டிப் பார்த்தாள், ஸ்விட்சுகளைத் தட்டிப் பார்த்தாள், குளியலறை வாசலுக்கு வந்து மிதிமேல் நின்றாள்.

"இன்னாடி இது, நர்சிங் ஹோம் மாதிரி பண்ணி வெச்சிருக்கிற! எம் பொண்ணு இந்த சுத்தத்த ஒரு வாரம் தாங்க மாட்டாளேடி!"

செலின் சிரித்தாள். தேவைக்கு மேல் சிரித்துவிட்டது அவளுக்கே காதில் விழுந்தது.

காசம்மாளின் போன் அடித்தது.

"ஆங், யாரு? வில்லியனூரா? சொல்லுங்க... ஆமா, செலினுதான். ஆறு வருசமாச்சிங்க. செவுத்துல ஒரு ஆணி? ம்ஹூம். நான் பெத்தது ரெண்டும் இந்த வூட்ட இப்பிடி வெச்சிக்கினதில்ல." போனைக் கையால் பொத்திக்கொண்டு செலினைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பால் வாங்கி வெச்சிட்டியாடி?"

செலின் தலையை ஆட்டினாள். கீழே ஐந்தாவது ஹாரன்.

"கேளுங்க, ஒரு சின்ன கீறல் இருக்காது. நீங்க கண்ண மூடிக்கினு சாவியக்..."

செலின் தரையில் குந்தினாள். மிதியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காசம்மாளின் புறங்காலைத் தொட்டாள்.

"யக்கா, கால கொஞ்சம் தூக்கேன்."