ஆடியில் மாற்றிய நாலு பிளக்

1. நடந்து வந்த டிரைவர்

ஆடி பிறந்த மறுநாள் ஏழுமலை என் பட்டறைக்கு நடந்து வந்தான். டிரைவர் நடந்து வந்தால் விஷயம் பெரிது என்று மெக்கானிக்குக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டி கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டதாம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கீழே இறங்கிய ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்திருக்கிறான்.

"ஏத்தத்துல முக்குது, இருமுது, பொசுக்குனு நின்னுடுது அண்ணே. கீழ ராஜா மாரி போவுது. பிளக்குதான். உனக்குத் தெரியாததா?" என்றான்.

எனக்குத் தெரியும். அது பெட்ரோல் ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டிய பிக்கப். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான் பிக்கப் பிறக்கும். உரக்கடை கோவிந்தசாமியின் வண்டி. மேலே போகும்போது உர மூட்டை, கீழே வரும்போது மரவள்ளிக் கிழங்கு. அதன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் எத்தனையோ முறை கழற்றி, எமரி பேப்பரில் தேய்த்து, இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து மாட்டியிருக்கிறேன். தட்டுவதற்கு இனி அதில் இரும்பே பாக்கி இல்லை.

தேய்ந்த பிளக் சமதரையில் சமாளித்துக்கொள்ளும். லோடு ஏற்றி மலையில் மிதிக்கும்போது இன்ஜினுக்குள் அழுத்தம் கூடும். அப்போது அந்தத் தேய்ந்த முனையில் பொறி ஒழுங்காகத் தாண்டாது, பெட்ரோல் எரியாமல் போகும், வண்டி முக்கும். அதனால்தான் கீழே ஓட்டிப் பார்க்கிற முதலாளிக்கு வண்டி எப்போதும் நன்றாகவே இருக்கும்.

வைகாசியில் பிளக் மாற்றலாம் என்று சொன்னேன். "ஓடுது இல்ல?" என்றார் கோவிந்தசாமி. ஆனியில் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். இப்போது ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு உரக்கடைக்கே போனேன்.

"ஆடி பொறந்துடுச்சே மணி! ஆடியில புதுச் சாமான் வாங்கிப் போடக்கூடாது. ஆவணி வரட்டும், நாலு இல்ல, எட்டு பிளக்கு போட்டுக்க."

நாலு சிலிண்டர் வண்டிக்கு எட்டு பிளக் எங்கே போடுவது என்று நான் கேட்கவில்லை. மேஜை மேல் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. அதிலிருந்து புதுச் சேலை எட்டிப் பார்த்தது.

"இது?" என்றேன்.

"அது ஆடித் தள்ளுபடிப்பா. அது வேற."

பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். "பிளக்கு பிளக்குன்னு சாக்கு சொல்லிக்கினு இருக்காத. வளைவுல கியரு மாத்தத் தெரியல உனக்கு. இன்னொரு தபா மலையில நின்னுச்சின்னா நீ வேற எடம் பாத்துக்க."

வெளியே வந்ததும் ஏழுமலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மூங்கில்துறைப்பட்டு. கூலிக்காரன் வீட்டுப் பெண் என்று முதலில் தயங்கியவர்கள், பெண்ணின் அப்பா ஒரே முதலாளியிடம் வருஷக்கணக்காக டிரைவராக இருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் சரி என்றார்கள்.

"வேலை போச்சுன்னா அவங்க இன்னா சொல்லுவாங்கன்னு தெரியல அண்ணே. பொண்ணு மூஞ்ச என்னால பாக்க முடியாது. எதனா பண்ணு" என்றான்.

2. டியூனிங்

கோவிந்தசாமியிடம் ஒரு பழக்கம் உண்டு. பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் பானெட்டைத் திறந்து உள்ளே பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் பளபளவென்று எதுவும் கண்ணில் பட்டால் "இது எப்ப போட்டது?" என்று கேட்பார். புது பிளக்கின் தலையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பல் விளக்கியது போலத் தெரியும். அது காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, முதலாளிக்குச் சொல்லாமல் நாலு புது பிளக் போட்டேன். போட்ட பிறகு அந்தப் பீங்கானில் பழைய கிரீஸைத் தடவி, மேலே பட்டறைப் புழுதியைத் தூவினேன். ஏழுமலை கொஞ்சம் கரியும் கொண்டுவந்து கொடுத்தான். புதுசைப் புதுசாகக் காட்டத்தான் ஊரெல்லாம் பாடுபடுகிறது. பழசாகக் காட்ட அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் அரை நாள் உழைத்தோம்.

பழைய பிளக் நாலையும் டப்பாவில் போட்டு வைத்தேன். தூக்கிப்போட மனம் வராது எனக்கு.

கோவிந்தசாமி வந்தார், பானெட்டைத் திறந்தார், குனிந்து பார்த்தார். "ஒண்ணும் புதுசா போடலியே?"

"டியூனிங் பண்ணியிருக்கேன் முதலாளி" என்றேன். டியூனிங்குக்கு ஆடி, ஆவணி கிடையாது. அவருக்கும் அந்த வார்த்தை பிடித்திருந்தது.

அன்றிலிருந்து வண்டி மலையில் நிற்கவே இல்லை. முழு லோடோடு இரண்டாவது கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறது என்று ஏழுமலை வந்து சொன்னான். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. மகளுக்கு மூக்குத்தி பார்க்கப் போவதாகச் சொன்னான்.

3. கண்ணால் கண்டது

கொஞ்ச நாள் கழித்து ஏழுமலை மறுபடியும் நடந்து வந்தான்.

"வண்டி நின்னுடுச்சா?" என்றேன்.

"வண்டி ஓடுது. அதான் அண்ணே என்னை நிறுத்திட்டாரு."

எனக்குப் புரியவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கோவிந்தசாமி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் யோசித்தால் யாருக்காவது கஷ்டம். அதே பழைய பிளக், அதே வண்டி, அதே மலை. இப்போது மட்டும் நிற்காமல் ஏறுகிறது. அப்படியானால் இத்தனை நாள் நின்றதற்குக் காரணம் பிளக் இல்லை. டிரைவர்தான் வேண்டுமென்றே நிறுத்திப் படுத்துத் தூங்கியிருக்கிறான். மிரட்டியதும் ஒழுங்காக ஓட்டுகிறான்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் கொடுத்த சரக்குதான் தப்பு. அந்தக் கிரீஸைத் தடவியது என் கை.

நேராக உரக்கடைக்குப் போய் உடைத்துச் சொல்லிவிட்டேன். "முதலாளி, அது புது பிளக்கு. நான்தான் போட்டேன். ஏழுமலை மேல ஒரு தப்பும் இல்ல."

கோவிந்தசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவனுக்கோசரம் பொய் சொல்றியா மணி? நான் கண்ணால பாத்தேன்யா. அழுக்குப் புடிச்ச பிளக்கு. நீயே டியூனிங்னு சொன்னியே."

உண்மையைச் சொல்லும்போது நம்பமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பொய்யைக் கொஞ்சம் மட்டமாகச் சொல்லியிருப்பேன்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் அவர். "ஆடியில புது டிரைவரைச் சேக்கக்கூடாது. மேல உரம் போயாவணும், ஜனங்க காத்துக்கினு இருக்காங்க. ஒரு நடை நீ ஓட்டிக் குடு. நானும் வரேன். மூட்டை ஒழுங்கா எறங்குதான்னு பாக்கணும்."

ஆளை அனுப்புவதற்கு ஆடி குறுக்கே வரவில்லை, சேர்ப்பதற்குத்தான் வருகிறது. அதை நான் சொல்லவில்லை. வேறொன்று தோன்றியது.

"ஓட்டறேன் முதலாளி. ஆனா என்கிட்ட டப்பாவுல வேற நாலு பிளக்கு இருக்குது. அதைப் போட்டு ஓட்டறேன்."

"புதுசா?"

"சத்தியமா பழசு."

"எல்லாம் பழசுதானே, எதை வேணா போடு" என்றார்.

4. மூன்றாவது வளைவு

அவருக்கு முன்னாலேயே பிளக்கைக் கழற்றி மாற்றினேன். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கோவிந்தசாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கச்சிராயபாளையம் வரை வண்டி தேர் மாதிரிப் போனது.

"பாத்தியா? டிரைவர் நல்லா இருந்தா வண்டி நல்லா இருக்கும்" என்று என்னைப் பாராட்டினார்.

மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் ஒரு தடவை இருமியது. இரண்டாவது வளைவில் முக்கியது. முதல் கியருக்கு இறக்கினேன். மூன்றாவது வளைவின் நடுவில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வண்டி குலுங்கி நின்றே போய்விட்டது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். முழு லோடு. வண்டி ஓர் அங்குலம் பின்னால் போனது.

"மணி! இன்னா மணி!" கோவிந்தசாமியின் குரல் மாறிவிட்டது.

"எறங்கி டயருக்குக் கல்லு வையிங்க முதலாளி. நான் பிரேக்க வுட முடியாது."

கீழேயிருந்து வெள்ளிமலை பஸ் வந்து எங்கள் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார். "யோவ் கிளீனரு! இன்னா வேட்டிய புடிச்சிக்கினு நிக்கற? பெரிய கல்லா தூக்கிப் போடுய்யா!"

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்கும் கோவிந்தசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் கல் பொறுக்கினார். முதல் கல் சின்னது. பஸ்ஸே சிரித்தது. இரண்டாவது கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து போட்டார். வேட்டியெல்லாம் செம்மண். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஏழுமலை இதைத் தனியாளாக எத்தனை தடவை செய்திருப்பான் என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றினேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். சூட்டில் துள்ளினார். வேட்டி முனையில் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்து, துணியால் தலையைத் துடைத்தேன். கிரீஸ் போனதும் வெள்ளைப் பீங்கான் வெளியே வந்தது. இரண்டின் முனையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்று கூர்மையாக இருந்தது, ஒன்று மொண்ணை.

அவர் வெகுநேரம் பார்த்தார். பின்னால் ஹாரன் நிற்கவில்லை.

"அப்ப நெசமாவே புதுசா போட்டியா? ஆடியில?"

"ஆமாங்க. இப்ப போடட்டுமா, இல்ல ஆவணி வரைக்கும் இங்கியே இருக்கலாமா?"

கோவிந்தசாமி பள்ளத்தைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார். மறுபடியும் யோசித்தார். இந்த முறை நல்லபடியாக யோசித்தார்.

"ஏன் மணி, இது இத்தினி நாளு மலையேறி எறங்கி ஓடியிருக்குது இல்ல?"

"ஓடியிருக்குது."

"ஓடினது எப்படிப் புதுசு ஆவும்? பழசுதான். போடு."

போட்டேன். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. வெள்ளிமலையில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏழுமலையை ஆவணி ஒண்ணாந்தேதி வரச் சொல்லு. ஆடியில புது ஆளை வேலைக்குச் சேக்கக்கூடாது."

ஆவணி வரை அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மூங்கில்துறைப்பட்டுக்குச் செய்தி போய்விடும். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மறுபடியும் நின்றுவிட்டதோ என்று அவர் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் எப்படிப் புது ஆளு ஆவான் முதலாளி? இத்தினி வருசம் இந்த மலையேறி எறங்கி ஓட்டியிருக்கான் இல்ல?"

கோவிந்தசாமி என்னை முறைத்தார். பிறகு, "அவன் வூட்டாண்ட நிறுத்து" என்றார்.

கச்சிராயபாளையத்தில் அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஏழுமலை ஓடி வந்தான். முதலாளியின் வேட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. அவர் கீழே இறங்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "காலையில வண்டிய எடு" என்றார். அவ்வளவுதான்.

அதனால், பிளக் எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏற்றத்தில் முக்கினால் கழற்று. தலையைப் பார்க்காதே, முனையைப் பார். தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்று. முதலாளி காலண்டரைப் பார்த்தால், அவரை ஒரு நடை மலைக்குக் கூட்டிப் போ.

அன்றைக்கு நான் வண்டியை எடுக்கும்போது ஏழுமலை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, முதலாளி காதில் விழாமல் கேட்டான். "இன்னா சொல்லி அண்ணே சம்மதிக்க வெச்ச?"

"நீ பழசுன்னு சொன்னேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதோடேயே சிரித்தான். "சரி. கல்யாணத்துல சம்பந்திகிட்ட மட்டும் சொல்லிடாத."